பெரியவளுக்கு இந்த வருஷம்

ஜனவரி முதல் தேதி எங்கள் வீட்டில் தீர்மானம் சொல்லாமல் யாருக்கும் சோறு கிடையாது. நைனா வைத்த சட்டம் அது. காலை ஆராதனை முடிந்து கோவிலிலிருந்து வந்ததும் பாய் விரித்து நால்வரும் வட்டமாக உட்கார வேண்டும். நடுவில் பிரியாணி தேக்சா மூடி திறக்காமல் இருக்கும். நைனா ஜெபம் செய்வார். அவர் ஜெபம் நீளம். ஆம்பூரில் உள்ள எல்லாத் தெருக்களையும் தாண்டி இஸ்ரவேல் வரைக்கும் போய்த்தான் திரும்பும். அதற்குள் மூடியின் ஓரத்திலிருந்து வரும் வாசனையில் நான் கண்ணைத் திறந்து தேக்சாவையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஜெபம் முடிந்த பிறகு ஆளுக்கொரு தீர்மானம்.

கடைக்குட்டி என்பதால் நான்தான் முதலில் சொல்ல வேண்டும். கணக்கில் நல்ல மார்க் வாங்குவேன், பொய் சொல்ல மாட்டேன், இப்படி ஏதாவது. அடுத்து அக்கா. அவள் எப்போதும் சிரித்து மழுப்பிவிடுவாள். அம்மா, கோபத்தைக் குறைத்துக்கொள்வதாக வருஷா வருஷம் சொல்வாள். கடைசியில் நைனா தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்வார்:

"பெரியவளுக்கு இந்த வருஷம் கல்யாணத்த முடிச்சுடுவேன்."

அவர் அதை முதன்முதலில் சொன்னபோது அக்காவுக்கு இருபது வயது. முகத்தைத் தாவணியில் மூடிக்கொண்டு சமையல் பக்கம் ஓடினாள். அம்மா அவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். பிறகு அக்காவே தேக்சாவின் மூடியைத் திறந்தாள். அந்த வீட்டில் நாங்கள் நால்வரும் ஒரே காரணத்துக்காகச் சேர்ந்து சிரித்ததாக எனக்கு நினைவிருப்பது அந்த ஒரு நாள்தான்.

பிரியாணி அக்காவின் கை. அம்மாவுக்கு வராது. பக்கத்துச் சந்தில் இருந்த பாய் வீட்டு அம்மாள்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர். தேக்சாவும் அவர்கள் வீட்டுடையதுதான். வருஷத்தில் அன்றைக்கு மட்டும் ஆட்டுக்கறி. மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் மாட்டுக்கறி. விடிவதற்கு முன்பே அக்கா ஊறவைத்த காய்ந்த மிளகாயை அம்மியில் வைத்து விழுதாக அரைப்பாள். சீரகச் சம்பா அரிசி பாதி வெந்ததும் வடித்து, கறியோடு சேர்த்து, மூடிமேல் நெருப்புத் துண்டுகளைப் போட்டு தம் கட்டுவாள். தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய். எவ்வளவு நேரம் தம்மில் வைக்க வேண்டும் என்று கேட்டால், "அதுவே கூப்புடும்" என்பாள்.

அப்போது அவள் ஷூவின் மேல்பாகம் தைக்கும் கம்பெனியில் சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. டேபிள் வேலை. வெட்டி வந்த தோல் துண்டுகளின் ஓரத்தில் சொல்யூஷன் பசை தடவி, மடித்து, சிறு சுத்தியலால் தட்டி, தையல் மிஷினுக்கு அனுப்ப வேண்டும். காலையில் சங்கு ஊதுவதற்குள் உள்ளே இருக்க வேண்டும். சாயங்காலம் வரும்போது அவள்மேல் சொல்யூஷன் வாடை அடிக்கும். நைனாமேல் தோல் ஷாப்பு வாடை. எங்கள் வீட்டுக்கு அது வாடையே இல்லை. வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்து மூக்கைச் சுருக்கும்போதுதான் நினைவு வரும்.

நைனாவுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. பச்சைத் தோலை முடி உதிர்வதற்காகச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டுப் புரட்டிப் போடுவது. இருபத்தைந்து வருஷம் செய்தார். கால் விரலிடுக்குகளில் ஆறாத புண். அது அவருக்குப் பழகிவிட்டது. பழகாதது மூச்சிரைப்பு. அக்கா வேலைக்குப் போன மறுவருஷம் மழைக்காலத்தில் அவரை இரண்டு பேர் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். வேலூர் ஆஸ்பத்திரியில் காட்டினோம். இனி அந்த வேலைக்குப் போகக் கூடாது என்றார்கள். வேறு வேலை அவருக்குத் தெரியாது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் கடைசி வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

அதற்கப்புறம் வீடு அக்காவின் சம்பளத்தில் நடந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவள் சம்பளக் கவரை நைனா கையில்தான் கொடுப்பாள். அவர் அம்மாவிடம் கொடுப்பார். அவரே சம்பாதித்துக் கொண்டு வந்ததுபோல அது கைமாறும். புது வருஷத்தில் அவர் அதே தீர்மானத்தைச் சொன்னார். குரல் மட்டும் முன்னைவிட உரக்க இருந்தது.

எழுபத்தெட்டாம் வருஷம் பிறந்த காலையில் அக்கா மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். எனக்குப் பதினேழு வயது. பதினொன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் என் டீச்சர், நன்றாக எழுதினால் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார்.

"உங்கிட்ட ஒன்னு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாத," என்றாள் அக்கா. அம்மிக்குழவியை நிறுத்தவில்லை. "இன்னிக்கி சாயங்காலம் ஒருத்தர் வர்றாரு. அவங்க அத்தையக் கூட்டினு."

"யாரு?"

"கம்பெனியிலதான். கட்டிங்ல இருக்காரு."

அவரை நான் பார்த்திருக்கிறேன். குடியாத்தம் பக்கத்துக்காரர். அப்பா அம்மா இல்லாமல் அத்தை வீட்டில் வளர்ந்தவர். ஒருமுறை அக்காவுக்குக் காய்ச்சல் வந்து பாதி நாளில் வீட்டுக்கு வந்தபோது, பின்னாலேயே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருமுனை வரை வந்து நின்றுவிட்டுப் போனவர். அதை அப்போது நான் யாரிடமும் சொல்லவில்லை.

"நல்லவராக்கா?"

"நல்லவருதான்." சிரித்தாள். பிறகு குழவியை நிறுத்தினாள். மிளகாய்க் கையோடு என்னைப் பார்த்தாள். "நைனா ஒத்துக்கணுமே. நான் போய்ட்டா வீட்டுக்கு யாரு? அதான் யோசிச்சேன். நீ பரீட்சை முடிச்சுட்டு ஒரு ரெண்டு வருஷம் எங்க கம்பெனிக்கு வர்றியா? சூப்பர்வைசர்கிட்ட நான் சொல்றேன். என் டேபிள்லயே போடுவாங்க. அப்பறம் நானும் அவரும் சேந்து உன்னப் படிக்க வெக்கறோம். சத்தியமா."

வெங்காயத்தால் என் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. துடைத்துக்கொள்ள முடியவில்லை. நான் சொன்னேன்: "டீச்சர் எனக்கு சீட்டு வாங்கித் தர்றேன்னு சொல்லியிருக்காங்களே அக்கா."

"ஆமால்ல," என்றாள். "நான் ஒருத்தி." மறுபடியும் அரைக்கத் தொடங்கினாள்.

அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த பேச்சு. அவள் இரண்டாவது முறை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேனா என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். டேபிள் வேலை விரல்களை என்ன செய்யும் என்று நான் தினமும் வீட்டில் பார்த்தவள்.

அன்று பகலில் பாயில் உட்கார்ந்தபோது என் முறை வந்தது. நான் முன்கூட்டி எதையும் யோசித்து வைக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்: "நான் டீச்சராயி, வேலைக்குப் போயி, அக்காவக் கல்யாணம் கட்டிக் குடுப்பேன்."

நைனாவின் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா, சின்னதுக்கு எவ்ளோ பொறுப்பு!" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா என் கன்னத்தை வழித்தாள். அக்கா என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள். கறித்துண்டு நல்லதாக ஒன்றை எடுத்து என் தட்டில் வைத்தாள்.

சாயங்காலம் அவர்கள் வந்தார்கள். அவர் வெள்ளைச் சட்டை போட்டு, தலையில் நிறைய எண்ணெய் வைத்துச் சீவியிருந்தார். அந்த அத்தை ஒரு தட்டில் பழமும் பூவும் கேக்கும் கொண்டு வந்திருந்தார். அம்மா அச்சுமுறுக்கும் டீயும் கொடுத்தாள். வெகுநேரம் பொதுப்பேச்சு நடந்தது. பிறகு அத்தை நேராகவே கேட்டார்.

"எங்க பையனுக்கு உங்க பெரிய பொண்ண கேக்கலாம்னு வந்தோம். எங்களுக்கு ஒன்னும் வேணாம். பொண்ணக் குடுத்தாப் போதும்."

நைனா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு மூச்சு வாங்கியது. அது நிஜமான இரைப்பா, பேச்சைத் தள்ளிப்போட வந்ததா என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியாது.

"பையன் தங்கமான பையன்," என்றார். "எனக்கு சந்தோஷம். ஆனா பாருங்க, எனக்கு ஆம்பளப் பிள்ள இல்ல. பெரியவதான் எனக்கு மகன் மாதிரி. சின்னவ படிப்பு ஒன்னு முடியட்டும். ரெண்டே வருஷம். அதுக்கப்பறம் நானே வந்து பேசறேன்."

அத்தைக்கு முகம் சுருங்கியது. மாப்பிள்ளையாக வந்தவர்தான் முந்திக்கொண்டு, "பரவாயில்லீங்க மாமா. ரெண்டு வருஷம்தானே. நான் இருக்கேன்," என்றார். கதவுக்குப் பின்னால் என் பக்கத்தில் நின்றிருந்த அக்காவின் கை என் தோளில் இருந்தது. அந்தக் கை லேசாயிற்று. அவளுக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது. இரண்டு வருஷம் என்றால் இரண்டு வருஷம் என்று அவள் நம்பினாள்.

அவர் காத்திருக்கத்தான் செய்தார். நான் பயிற்சிக்கு வேலூர் போய் விடுதியில் தங்கினேன். மாதம் ஒருமுறை வீட்டுக்கு வரும்போது அக்கா அவரைப் பற்றி ஏதாவது சொல்வாள். கேன்டீனில் வடை வாங்கி அனுப்பினார். அத்தை நச்சரிக்கிறாராம். தனி வீடு பார்த்து வைத்திருக்கிறாராம், ஜன்னல் கிழக்கே பார்த்ததாம். பேச்சுக்கு நடுவில் அவளுக்கு இருமல் வரும். சொல்யூஷன் டப்பாவைத் திறந்தாலே தொண்டை கரகரக்கிறது என்பாள். "எல்லாருக்கும் அப்படித்தான்" என்று அவளே அதற்குச் சமாதானமும் சொல்வாள்.

எண்பதாம் வருஷத்து முதல் தேதி. இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. எனக்குப் பயிற்சி முடிய இன்னும் சில மாதங்கள் இருந்தன. பாயில் உட்கார்ந்தபோது அக்கா புதுச்சேலை கட்டியிருந்தாள். நைனா தன் முறை வந்ததும் சொன்னார்:

"பெரியவளுக்கு இந்த வருஷம் கல்யாணத்த முடிச்சுடுவேன். சின்னவளுக்கு ஒரு வேல மட்டும் கெடைச்சுட்டா போதும்."

அந்த இரண்டாவது வாக்கியம் புதிது. அக்கா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். "எப்போ நைனா கெடைக்கும்?" என்று கேட்டாள்.

"ஆண்டவர் சித்தம்," என்றார் அவர்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்தவர்கள் அப்போது எத்தனையோ பேர். எனக்கு முன்னால் பயிற்சி முடித்தவர்களே ட்யூஷன் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நைனா அந்த அத்தை வீட்டுக்குப் போய்ப் பேசவில்லை. அக்கா இரண்டு தரம் நினைவுபடுத்தினாள். மழைக்காலம் போகட்டும் என்றார். பனிக்காலம் போகட்டும் என்றார். அடுத்த ஈஸ்டர் முடிந்ததும் அந்த அத்தை தன் நாத்தனார் மகளை அவருக்குக் கட்டிவைத்துவிட்டார்.

கல்யாணம் முடிந்து வேலைக்கு வந்த அன்று அவர் ஒவ்வொரு டேபிளுக்கும் லட்டு கொடுத்தாராம். அக்காவின் டேபிளுக்கு வந்தபோது நிமிர்ந்து பார்க்கவில்லையாம். அவள் அந்த லட்டைக் கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தாள். நான்காகப் பிட்டு எங்கள் எல்லோருக்கும் கொடுத்தாள்.

"எங்கேர்ந்து லட்டு?" என்றாள் அம்மா.

"கம்பெனில ஒருத்தருக்குக் கல்யாணம்."

நைனா தன் பங்கை வாயில் போட்டுக்கொண்டார். அம்மாவுக்குத்தான் முதலில் புரிந்தது. லட்டை வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். அக்கா ஓர் ஆவேசமும் காட்டாமல் டிபன் டப்பாவைக் கழுவப் போனாள்.

அதற்கு அடுத்த வருஷம் எனக்கு வரன் வந்தது. அரக்கோணத்தில் ரயில்வேயில் வேலை பார்ப்பவர். டீச்சர் ட்ரெயினிங் முடித்த பெண் வேண்டும் என்று தேடி வந்த சம்பந்தம். மூத்தவள் இருக்கும்போது எப்படி என்று அம்மா அழுதாள். தேடி வந்ததைத் தட்டக் கூடாது என்றார் நைனா. நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே சேலைக் கடைக்குப் போனேன். ரவிக்கைக்கு அளவு கொடுத்தேன். அக்காதான் தன் கம்மலைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டாள்.

"உனக்கு வேணாமாக்கா?"

"எனக்கு வர்றப்போ நைனா புதுசா பண்ணிப் போடுவாரு," என்றாள். அதை அவள் கேலியாகச் சொல்லவில்லை. அப்போதும் கொஞ்சம் நம்பிக்கை அவளிடம் மிச்சமிருந்தது என்றுதான் நினைக்கிறேன். கல்யாணப் போட்டோவில் அவள் என் பின்னால் நின்று என் முந்தானையைச் சரிசெய்துகொண்டிருக்கிறாள். முகம் விழவில்லை.

எனக்கு வேலை கிடைத்தது கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்து. முதல் ஆறு மாதம் வீட்டுக்கு மணியார்டர் அனுப்பினேன். பிறகு அரக்கோணத்தில் நாங்கள் வீடு கட்டத் தொடங்கினோம். எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் கணவரோடும் குழந்தையோடும் ஆம்பூர் போவேன். இப்போது பாயில் ஆறு பேர். தீர்மானம் சொல்லும் வழக்கம் மாறவில்லை. என் கணவர் சிகரெட்டை விடுவதாகச் சொல்வார். நைனா தன் தீர்மானத்தைச் சொல்வார். அவர் சொல்லும்போது நாங்கள் யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் இருக்கப் பழகிவிட்டோம். அக்கா மூடியைத் திறப்பாள். பிரியாணி மட்டும் ஒரு வருஷமும் பிசகியதில்லை.

எண்பத்தாறில் நானாக ஒரு காரியம் செய்தேன். என் கணவருக்குத் தெரிந்த ஒருவர் வாலாஜாபேட்டையில் அரிசி மில்லில் எழுத்தராக இருந்தார். மனைவி இறந்து மூன்று வருஷம். இரண்டு பெண் குழந்தைகள். அக்காவுக்கு முப்பத்திரண்டு. அவரைப் புது வருஷத்தன்று ஆம்பூருக்கு வரச் சொன்னேன். அக்காவுக்குக் கடிதம் எழுதிக் கேட்டபோது, "வரட்டும்" என்று ஒரே வார்த்தை எழுதியிருந்தாள்.

அவர் இளைய மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஐந்து வயதுப் பெண். வந்த கொஞ்ச நேரத்திலேயே அது அக்காவின் பின்னால் சுற்றத் தொடங்கிவிட்டது. அக்கா அதற்குக் கறியில் எலும்பு நீக்கி ஊட்டினாள். ரிப்பன் அவிழ்ந்திருந்ததைப் பார்த்து உட்கார வைத்துத் தலைபின்னிவிட்டாள். "ஆன்ட்டி, நீங்க எங்க வீட்டுக்கு வருவீங்களா?" என்று குழந்தை எல்லோர் முன்னிலையிலும் கேட்டது. அக்கா, "உங்க அப்பாவக் கேளு," என்று சொல்லிவிட்டு வெட்கப்பட்டாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் தாவணியில் முகத்தை மூடிக்கொண்டு ஓடியவளை அன்று நான் இன்னொரு முறை பார்த்தேன்.

அவர் நல்ல மாதிரி. நைனாவிடம் மரியாதையாகப் பேசினார். பிரியாணியை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "எனக்குத் திருப்திதான்" என்று என் கணவரிடம் சொல்லிக்கூட விட்டார். மத்தியானம் அடுப்பங்கரையில் அக்காவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. சாதாரணமாக வருவதுதான். எங்களுக்கெல்லாம் அது காதில் விழாத சத்தமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. அது முடியும் வரை அவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். பஸ் ஏற்றிவிடப் போன என் கணவரிடம், "இந்த இருமல் எத்தன நாளா இருக்கு?" என்று கேட்டாராம்.

ஒரு வாரத்தில் எங்கள் அரக்கோணம் விலாசத்துக்கு அவர் கடிதம் வந்தது. மனம் நொந்து எழுதியிருந்தார். தன் மனைவியும் நெஞ்சு நோயில்தான் போனாள் என்றும், இன்னொரு முறை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்காரத் தன்னால் முடியாது என்றும், குழந்தைகளுக்கு மறுபடியும் அதைக் கொடுக்க மாட்டேன் என்றும் எழுதியிருந்தார். அவர்மேல் கோபப்பட ஏதாவது கிடைக்குமா என்று இரண்டு மூன்று தரம் படித்தேன். கிடைக்கவில்லை.

அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஆறு வாரம் தள்ளிப்போட்டேன். தள்ளிப்போடுவது எங்கள் குடும்பத்துக்குக் கைவந்ததுதானே. கடைசியில் போனபோது அக்கா என்னைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து வந்தாள். பிரித்துக் காட்டினாள். பூப்போட்ட இரண்டு கவுன்கள், ஒன்று சின்னது, ஒன்று கொஞ்சம் பெரியது. பாய் வீட்டு மிஷினில் தானே தைத்ததாகச் சொன்னாள்.

"மூத்தவள நான் பாக்கல. ஒரு குத்துமதிப்பாத்தான் அளவு வெச்சேன். அவரு வந்தா குடுத்தனுப்பு."

நான் கடிதத்தைக் கொடுத்தேன். அவள் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மெதுவாகப் படித்தாள். விரல் நுனிகளில் தோல் வெடித்து, இரண்டு நகங்கள் கறுத்திருந்தன. படித்து முடித்து மடித்துத் திருப்பித் தந்தாள்.

"சரியாத்தான் எழுதியிருக்காரு," என்றாள். சிறிய கவுனை எடுத்து என் மகளுக்குப் போட்டுப் பார்த்தாள். பாதம் வரை தொங்கியது. "இவளே போட்டுக்கட்டும். பெரிசையும் எடுத்துனு போ. வளந்தா ஆவும்."

நான் எடுத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த முதல் தேதி நாங்கள் போனோம். வழக்கம்போல ஜெபம். வழக்கம்போலத் தீர்மானங்கள். நைனாவுக்கு அந்த வருஷம் உடம்பு மிகவும் தளர்ந்துவிட்டது. சுவரில் சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தார். தன் முறை வந்ததும் தொண்டையைச் செருமினார்.

"பெரியவளுக்கு..."

"வேணாம் நைனா," என்றாள் அக்கா.

அவர் நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"இனிமே எனக்காக யாரும் தீர்மானம் சொல்ல வேணாம். நானே சொல்லிக்கறேன். எனக்கு ஒன்னும் வேணாம். இதான் என் தீர்மானம்." குரலை உயர்த்தவில்லை. சாதம் வேண்டாம் என்பதுபோலச் சொன்னாள்.

"நான் என்ன பண்ணுவேன் மா," என்றார் நைனா. அவருக்கு இரைக்கத் தொடங்கியது. "பண்ணக் கூடாதுன்னா இருந்தேன்? நீ போய்ட்டா..." மூச்சுக்காக நிறுத்தினார். "நீ போய்ட்டா நாங்க இன்னா சாப்புடறது?"

அம்மா சேலை முனையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என் கணவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். இத்தனை வருஷத்தில் யாரும் சொல்லாததை அவர் சொல்லிவிட்டார். சொன்னதும் சுவரை விட்டு நழுவியவர்போல உட்கார்ந்திருந்தார்.

அக்கா எழுந்து தண்ணீர் மொண்டு வந்து அவர் கையில் கொடுத்தாள். பிறகு, "இதத்தான் நைனா நீ மொத வருஷமே சொல்லியிருக்கணும்," என்றாள். "சொல்லியிருந்தா நானும் காத்துனு இருந்திருக்க மாட்டேன். கம்பெனில அவரையும் மூணு வருஷம் காக்க வெச்சிருக்க மாட்டேன்."

அவள் தேக்சா மூடியைத் திறந்தாள். முதல் தட்டு நைனாவுக்கு வைத்தாள். கத்திரிக்காய் வைத்தாள். அவர் கையை நனைக்காமலே இருந்தார். அவளே அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, சின்னக் குழந்தைக்குப் பிசைவதுபோல எலும்பை எடுத்துவிட்டுப் பிசைந்து கொடுத்தாள். அவர் அழுதுகொண்டே சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். பசித்தது.

நைனா அந்த வருஷம் ஐப்பசி மழையில் போனார். அடக்கத்துக்குக் கம்பெனியிலிருந்து பெண்கள் கூட்டமாக வந்திருந்தார்கள். கட்டிங்கில் இருந்தவரும் வந்தார். அவர் தலை பாதி நரைத்திருந்தது. அம்மாவிடம் தலையைக் குனிந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போய்விட்டார்.

அதற்கு மறுவருஷம் கம்பெனியில் அக்காவுக்கு ஓரம் மடிப்பது சரியாக வரவில்லை என்று டேபிளிலிருந்து எடுத்தார்கள். கொஞ்ச நாள் துண்டுத்தோல் பொறுக்கவிட்டார்கள். அப்புறம் வர வேண்டாம் என்றார்கள். பதினைந்து வருஷம் வேலை செய்தவளுக்கு ஒரு வாழ்த்து அட்டையும் ஒரு ஃப்ளாஸ்க்கும் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டிலேயே பீடி சுற்றக் கற்றுக்கொள்ளப் போவதாக எனக்கு எழுதினாள். அரக்கோணத்துக்கு வந்து எங்களோடு இருக்கும்படி நான் பதில் எழுதினேன். எழுதும்போதே என் கணவர் என்ன சொல்வாரோ என்ற பயமும் இருந்தது. அம்மாவை விட்டு வர முடியாது என்று அவள் எழுதியதும் எனக்கு வந்தது நிம்மதிதான்.

எண்பத்தொன்பதாம் வருஷத்து முதல் தேதிக்கு நான் தனியாகப் போனேன். கணவருக்கு டியூட்டி. மகளுக்கு அம்மை போட்டிருந்தது. அவளை மாமியாரிடம் விட்டுவிட்டு, போய் உடனே திரும்புவதாகச் சொல்லி வந்தேன். அக்கா சின்னப் பாத்திரத்தில் மூன்று பேருக்கு மட்டும் பிரியாணி செய்திருந்தாள். ஆட்டுக்கறி இல்லை. அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டதால் தட்டில் எது எங்கே இருக்கிறது என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். ஜெபத்தை அம்மா இரண்டு வரியில் முடித்தாள். தீர்மானம் பற்றி யாரும் பேசவில்லை. சாப்பிட்டுவிட்டு அம்மா படுத்துக்கொண்டாள்.

அன்று அக்காவிடம் ஒன்றைக் கேட்க வேண்டும் என்றுதான் போயிருந்தேன். மிளகாய் அரைத்த அந்தக் காலையில் அவள் கேட்டது அவளுக்கு நினைவிருக்கிறதா என்று. என்னை மன்னித்துவிட்டாளா என்று. ரயிலில் அதற்கான வார்த்தைகளையெல்லாம் கோத்துக்கொண்டே வந்தேன்.

ஸ்டேஷன் வரைக்கும் கூட வந்தாள். ரயில் தண்டவாளத்தை ஒட்டிய பாதையில் மெதுவாகத்தான் நடக்க முடிந்தது. நின்று நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள். ஒரு தரம் நின்றபோது நான் "அக்கா" என்றேன்.

"இன்னா?"

அவள் முகத்தில் வியர்வை. மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. என்னை மன்னிப்பதற்கும் அவள்தான் மூச்சைச் செலவழிக்க வேண்டும் என்று தோன்றியது.

"ஒன்னுமில்ல. மெதுவா வா. இன்னும் டைம் இருக்கு."

பிளாட்பாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்தோம். மகளுக்கு அம்மை இறங்கியதும் வேப்பிலைத் தண்ணீர் ஊற்றும்போது முதுகை அழுத்தித் தேய்க்காதே என்றாள். பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள். வண்டி வந்தது. ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்ததா என்று கீழே நின்று எட்டிப் பார்த்தாள். கிடைத்தது என்றேன். வண்டி நகரும்போது அவள் இருமிக்கொண்டிருந்ததால் கையசைக்கவில்லை. நானும் அசைக்கவில்லை.